கடைசிப் படகுக்குப் பிறகு

சென்ற டிசம்பரில் நம் சபைத் தோழிகள் மூவரும் நானும் கம்போடியாவுக்குப் போனோம். சிங்கப்பூரின் பரபரப்பையும் என் இரவு வேலையையும் மறந்து, மூன்று நாள் ஒரு கிராமத்தில் இருக்க ஆசை. மேகோங் ஆற்றின் நடுவிலுள்ள கோ திரோங் தீவைத் தேர்ந்தெடுத்தோம். கெமர் மொழியில் ‘கோ’ என்றால் தீவு. கிராச்சே நகரிலிருந்து படகில் பத்து நிமிடம்தான்.

தீவில் கார் கிடையாது. சைக்கிளில் சுற்றினோம். மழைக்காலத்தில் ஆறு ஏறும் என்பதால் வீடுகள் உயரமான மரக்கால்களின் மேல் நிற்கின்றன. அடியில் மாடும் வண்டியும் ஊஞ்சலும். எங்கும் பம்பளிமாஸ் தோட்டங்கள். இந்தத் தீவின் பழத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு. பெயர்ப்பலகை எழுத்துகள் எங்கோ பார்த்தவை போலிருந்தன. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து பிறந்ததாம். “இங்கேயே இருந்துவிடலாம்” என்றாள் ஒரு தோழி.

இரண்டாம் நாள் இரவு, நாங்கள் தங்கிய வீட்டுப் பாட்டி என்னை எழுப்பினார். அவருடைய மூன்று வயதுப் பேரனுக்கு மாலையிலிருந்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும். கடைசிப் படகு போய்விட்டது. பெரிய மருத்துவமனை அக்கரையில். அதன் விளக்குகள்கூடக் கண்ணுக்குத் தெரிந்தன.

வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன்; உடனே படிந்தது. கண்கள் குழிவிழவில்லை. குடிக்கக் கேட்டான். அவன் துவண்டு கிடந்திருந்தால் அப்போதே படகுக்காரரை எழுப்பச் சொல்லியிருப்பேன். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலைதட்டி அளந்து கலக்கினேன். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. நான் ஊட்டினேன், பிறகு பாட்டி ஊட்டினார். எங்களுக்குள் பொது மொழி ஏதுமில்லை. விடியும் முன் பையன் சிறுநீர் கழித்தான். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் படகில் அவன் அப்பா அவனை மருத்துவரிடம் கொண்டுபோனார்.

பகலில் நாங்கள் படமெடுத்த அதே ஆறுதான். எங்களுக்கு அது அழகு; இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தாய்க்கு அது தடை. நாம் தேடிப்போகும் அமைதிக்கு அங்கே வாழ்கிறவர்கள் ஒரு விலை கொடுக்கிறார்கள்.

வாலிபரே, இப்படிப்பட்ட ஊர்களுக்குக் கட்டாயம் போங்கள். பையில் நாலைந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் வையுங்கள். படகுக் கூலியில் பேரம் பேசாதீர்கள். “எவ்வளவு அழகு” என்று சொன்ன பிறகு, “ராத்திரியில் உடம்புக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?” என்றும் கேளுங்கள்.

புறப்படும்போது பாட்டி ஒரு பம்பளிமாஸைக் கையில் திணித்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.