உப்புக்குத் துணை சர்க்கரை
காலராவை வென்ற எளிய கரைசலின் ரகசியம் செல்லின் சவ்வில் இருக்கிறது.

1971. கிழக்குப் பாகிஸ்தானில் போர் மூண்டதால் மேற்கு வங்காளத்தில் லட்சக்கணக்கான அகதிகள் குவிந்தனர். பின்னாலேயே காலராவும் வந்தது. எல்லையோர போங்காவ் மருத்துவமனையில் நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது.

டாக்டர் திலீப் மகலநாபிஸ் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கலந்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்க வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு, அவர் குழுவின் பொறுப்பில் இருந்த முகாமில் 3.6 சதவீதமாகக் குறைந்தது.

வெறும் உப்புத் தண்ணீர் இதைச் சாதித்திருக்காது. காரணம், செல்லைச் சுற்றியுள்ள சவ்வு. இரண்டு அடுக்குக் கொழுப்பாலான இது, தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆக்ஸிஜன் தாராளமாக நுழைந்துவிடும். உப்புக்கும் சர்க்கரைக்கும் அனுமதி கிடையாது. அவற்றுக்கென்று சவ்வில் பதிந்திருக்கும் புரத வாசல்கள் வழியாகத்தான் போக வேண்டும்.

காலரா கிருமி குறிவைப்பது இந்த வாசல்களைத்தான். அதன் நச்சை 1959இல் கல்கத்தாவில் நிரூபித்துக் காட்டியவர் சம்புநாத் டே. குடல் செல்களில் குளோரைடு வெளியேறும் வாசலை நச்சு திறந்தே வைத்துவிடுகிறது. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும் தண்ணீரும் கொட்டுகின்றன. உப்பு உள்ளே வரும் வழக்கமான வழியும் அடைபடுகிறது.

ஆனால் ஒரு வாசலை மட்டும் நச்சு தொடுவதில்லை. அங்கே சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அனுமதி: ஒரு குளுக்கோஸுக்கு இரண்டு சோடியம். இந்த ஏற்பாட்டை 1960இல் பிராக் நகரில் எடுத்துச் சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் கிரேன். உள்ளே வந்த சோடியத்தை, செல்லின் மறுபக்கத்தில் உள்ள 'பம்ப்' ரத்தத்தின் பக்கம் தள்ளுகிறது. பின்னாலேயே தண்ணீரும் போகிறது. பேதி உடனே நிற்பதில்லை; ஆனால் இழந்த நீர் திரும்பக் கிடைப்பதால் உயிர் தங்குகிறது.

அளவுதான் முக்கியம். சர்க்கரை கூடினால் குடல் எதிர்த்திசையில் தண்ணீரை இழுக்கும், பேதி அதிகமாகும். உலக சுகாதார நிறுவனம் 2002இல் உப்பு, குளுக்கோஸ் இரண்டின் அளவையும் குறைத்தது. பேதியாகும் குழந்தைக்கு குளிர்பானம் மாற்றாகாது என்பதும் இதனால்தான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

இதை இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978இல் 'லான்செட்' இதழ் எழுதியது. மகலநாபிஸ் 2022இல் காலமானார். பத்ம விபூஷண் 2023இல்தான் வந்தது.