மூச்சைப் பற்றிக் குழந்தையே கண்டுபிடிக்கட்டும்

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்குகளைத் தாண்டிப் போகும் குழந்தை தும்மிவிட்டு, "ஏன் தாத்தா?" என்று கேட்கும். மூச்சுப் பாடம் தொடங்க அதுவே நல்ல நேரம்.

1972இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டமும், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும் குழந்தையையே செய்து பார்க்க வைத்தன. வீட்டிலும் அது முடியும்.

முதலில், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று குழந்தை எண்ணட்டும். மாடிப்படி ஏறி இறங்கி மறுபடி எண்ணட்டும். ஏன் கூடியது என்பதை அதுவே யோசித்துச் சொல்லட்டும்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியைப் பெரியவர்கள் வெட்டிக் கொடுங்கள். வாய்ப்பக்கம் ஒரு பலூனை உள்ளே தொங்கும்படி மாட்டி, வெட்டிய அடியை இன்னொரு பலூனின் ரப்பரால் மூடிக் கட்டுங்கள். ரப்பரைக் கீழே இழுத்தால் உள்ளே இருக்கும் பலூன் விரியும். நுரையீரல் தானாக விரிவதில்லை. உதரவிதானம் கீழிறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது; வெளிக்காற்று நுழைகிறது. ரயிலில் நான் பழகிய வேக்குவம் பிரேக்கும் அழுத்த வித்தியாசத்தில்தான் இயங்கியது.

2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைமேடு எரிந்து கொச்சியில் பல நாட்கள் புகை சூழ்ந்தது. காற்று போகும் வழியில்தான் புகையும் போகும் என்று பலூனில் கண்ட குழந்தையிடம் முகக்கவசம் அணியச் சொல்ல அதட்டல் தேவைப்படாது.

பள்ளியில் 'சுவாசகோசம்' என்று படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வீட்டில் 'நுரையீரல்' என்ற சொல்லையும் கொடுங்கள். நுரைபோல் கோடிக்கணக்கான சிற்றறைகள் கொண்டது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.