ராட்டினம் முறிந்தால் யார் பொறுப்பு?

பள்ளி விடுமுறையோ கோயில் திருவிழாவோ வந்துவிட்டால் போதும். ராசா, பத்தாங் காலி, புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று எந்த ஊர்த் திடலாக இருந்தாலும் லாரிகள் வந்து இறங்கும். இரண்டொரு நாளில் ராட்டினமும் ஆடும் கப்பலும் எழுந்து நிற்கும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு கெந்திங் மலை தூரம். திடலுக்கு வரும் ராட்டினமோ பக்கம். பெற்றோரும் மறுப்பதில்லை. அந்த இருக்கையின் இரும்புக் கம்பி திறந்துகொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? ஏறியவரா, பொத்தானை அழுத்திய பையனா, முதலாளியா, உரிமம் கொடுத்த நகராண்மைக் கழகமா?

தமிழகத்தில் நடந்ததைப் பார்ப்போம். 2012இல் சென்னை பூந்தமல்லி அருகே இருந்த இ.வி.பி. கேளிக்கைப் பூங்காவில், ஆக்டோபஸ் ராட்டினத்திலிருந்து விழுந்து ஓர் இளம் விமானப் பணிப்பெண் உயிரிழந்தார். பூங்கா பின்னர் படப்பிடிப்புத் தளமானது. விதி அந்த இடத்தை விடவில்லை. 2020 பிப்ரவரியில் 'இந்தியன் 2' படப்பிடிப்பின்போது அங்கே கிரேன் சாய்ந்து மூவர் மாண்டனர். தொழில் மாறியது, இயந்திரம் மாறியது. பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. 2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில் புதிய ராட்டினம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தபோது அது சரிந்தது. ஏறியிருந்தவர்கள் பூங்காவின் ஊழியர்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமுற்றனர். ராட்டின விபத்து என்றதும் பயணியைத்தான் நினைக்கிறோம். முதலில் ஏறிப் பார்க்கும்படி அனுப்பப்படும் தொழிலாளியை யாரும் நினைப்பதில்லை.

2019 ஜூலை 14ஆம் நாள் அகமதாபாத்தின் காங்கரியா ஏரிக்கரையில் ஊசல் போல் ஆடும் ராட்டினம் முறிந்து விழுந்தது. இருவர் மாண்டனர், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். ஏரிக்கரை மாநகராட்சியினுடையது, ராட்டினத்தை நடத்தியது தனியார் நிறுவனம். இப்படி இரு கை சேரும் இடத்தில்தான் பொறுப்பு நழுவும்.

இரும்பு ஒரே நாளில் உடைவதில்லை. ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் வளைந்து, பற்றவைத்த இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் விட்டு, அது மெல்ல வளர்ந்து, ஒரு நாள் முறியும். வண்ணம் பூசிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று உள்ள சோதனைகளைச் செய்தால்தான் தெரியும். ஊர் ஊராகச் செல்லும் ராட்டினத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வோர் ஊரிலும் பிரித்து மாட்ட வேண்டும். ஒரு பூட்டு ஊசியை மறந்தாலோ, மழையில் ஊறிய திடலில் ஒரு கால் அமிழ்ந்தாலோ மொத்தமும் சாயும்.

"பொத்தானை அழுத்தியவன்தானே தப்பு செய்தான்?" என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 2015 ஜூன் 2ஆம் நாள் நடந்தது இதற்குப் பதில். தண்டவாளத்தில் காலிப் பெட்டி ஒன்று நின்றுவிட்டது. கணினி வண்டியை நிறுத்தியது. பொறியாளர்கள் அதைக் கணினியின் கோளாறு என்று எண்ணி, தடையை மீறி 16 பேர் இருந்த வண்டியை அனுப்பினார்கள். மோதலில் இரண்டு இளம்பெண்கள் காலை இழந்தனர். 2016இல் நீதிமன்றம் 50 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது பொறியாளர்களுக்கு அல்ல, நிறுவனத்துக்கு. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற ஒழுங்கான நடைமுறையை வகுத்துக் கொடுக்காதது நிறுவனத்தின் குற்றம் என்றே முடிவாயிற்று.

ஆஸ்திரேலியாவின் டிரீம்வேர்ல்டில் 2016 அக்டோபர் 25ஆம் நாள் நால்வர் இறந்த விபத்தும் அப்படியே. நீர் இறைக்கும் பம்பு அன்றே முன்னதாக இருமுறை நின்றிருந்தது. மூன்றாம் முறை நின்றபோது நீர் வடிந்து ஒரு படகு சிக்கியது. அடுத்த படகு வந்து மோதியது. அங்கு நின்ற ஊழியர்களில் ஒருவருக்கு அந்த ராட்டினத்தில் அதுவே முதல் நாள். நிறுவனத்துக்கு 2020இல் 36 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம்.

மலேசியச் சட்டமும் ஏறக்குறைய இதே வழியில்தான் செல்கிறது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தன் ஊழியர் அல்லாத பிறரின் பாதுகாப்புக்கும் முதலாளியே கடமைப்பட்டவர் என்கிறது. ராட்டினத்தில் ஏறும் பிள்ளை அந்தப் 'பிறரில்' அடக்கம். இதை மீறினால் அபராதம் முன்பு அதிகபட்சம் 50,000 ரிங்கிட். 2024 ஜூன் 1 முதல் 5 லட்சம் ரிங்கிட். ஈராண்டு வரை சிறையும் உண்டு.

நுழைவுச்சீட்டின் பின்புறம் "விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு பலர் வாயடைத்துப் போகிறார்கள். அந்த ஒரு வரி முதலாளியைக் காப்பாற்றிவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. வங்கிக் கடன் வழக்கு ஒன்றில், 2018 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குத் துணை நிற்கிறது. வழக்குத் தொடுக்கும் உரிமையை அடியோடு பறிக்கும் ஒப்பந்த விதி செல்லாது என்பதே அத்தீர்ப்பு.

நகராண்மைக் கழகத்தின் நிலை சற்றுச் சிக்கலானது. சிலாங்கூரில் கேளிக்கை உரிமம் மாநிலத்தின் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் கொடுத்ததாலேயே கழகம் குற்றவாளி ஆகிவிடாது. 1993இல் 48 பேரைப் பலிகொண்ட ஹைலண்ட் டவர்ஸ் வழக்கில், 2006இல் கூட்டரசு நீதிமன்றம் கட்டடச் சட்டத்தின் பாதுகாப்பைக் காட்டி அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகத்தை விடுவித்தது பலருக்கும் கசப்பான நினைவு. ஆனால் அது கட்டடங்களுக்கான விதி. ராட்டின உரிமத்துக்கும் அதையே குடையாகப் பிடிக்கலாம் என்பதில்லை.

பெற்றோர் பங்கு? உயர அளவுப் பலகையை மீறி, "பையன் அழுகிறான், ஏற்றிவிடுங்க அண்ணே" என்று கெஞ்சுகிறவர்கள் உண்டு. நீதிமன்றம் அந்தக் கவனக்குறைவுக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கலாம். அதற்காக நடத்துநரின் பொறுப்பு முழுதும் போய்விடாது. ஏற்றிவிட்டவர் அவர்தானே.

விபத்து நடந்தால் நுழைவுச்சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றுவதற்கு முன்பே படம் எடுங்கள். போலீசில் புகார் செய்யுங்கள். வேலையிடப் பாதுகாப்புத் துறைக்கும் தெரிவியுங்கள். தனியார் மீது காயத்துக்கு வழக்குப் போட ஆறு ஆண்டுகள் அவகாசம். உயிரிழப்பில் குடும்பத்தார் இழப்பீடு கேட்க மூன்றாண்டுகள். நகராண்மைக் கழகத்தின் மீது என்றால் 36 மாதங்கள்தான்.