சேணம் யாருக்கு... குதிரைக்கா, நமக்கா?

என் தங்கையின் குடும்பம் குருபோங்கில் ஒரு தாமானில் குடியிருக்கிறது. மூத்த மகளுக்கு 11 வயது. பள்ளி விடுமுறையில் ஒருநாள் விளையாட்டாகக் குதிரை ஏறிப் பார்த்தவள், அதன் பிறகு சனிக்கிழமை தோறும் சவாரி வகுப்புக்குப் போயே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். ஓராண்டு ஒருநாள்கூட விடாமல் போனாள். மச்சானுக்குத் தலைகால் புரியாத பெருமை. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு சேணம் வாங்கிக் கொடுத்துவிட்டார். யாரோ பயன்படுத்திய பழைய சேணம்தான். ஆனால், நல்ல தோல், பளபளவென்று மெருகு, பிள்ளை உட்கார்ந்தால் கச்சிதமாக இருந்தது. வாங்கும்போது அதில் பிள்ளையை உட்காரவைத்துப் பார்த்தார்கள். குதிரையின் மேல் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வாரத்தில் அவள் வழக்கமாக ஏறும் குதிரையின் குணமே மாறிவிட்டது. சேணத்தைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனாலே காதுகளைப் பின்னுக்கு மடக்கியது. வயிற்று வாரை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வந்தது. ஒரு சனிக்கிழமை, தாண்டவேண்டிய கட்டையின் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. பிள்ளை அதன் கழுத்து வழியாக வழுக்கி முன்னால் விழுந்தாள். தலைக்கவசம் இருந்ததால் மணிக்கட்டுச் சுளுக்கோடு போயிற்று. “முரட்டுக் குதிரை, இரண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும்” என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.

அது முரட்டுத்தனம் இல்லை என்று சொன்னவர் மச்சானின் அப்பா. எண்பதைத் தாண்டியவர். வாழ்நாளில் குதிரை ஏறியதில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, வாலிபத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். சேணத்தை இறக்கியதும் கிட்டே போய் முதுகைப் பார்த்தார். முதுகு முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. தோளுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ளங்கை அளவு மட்டும் காய்ந்து கிடந்தது. அங்கே விரலை வைத்து லேசாக அழுத்தினார். குதிரை முதுகைத் தாழ்த்தி நழுவியது. சற்று மேலே கொஞ்சம் வெள்ளை முடிகள். “நுகத்தடிப் புண்ணு ஆறின எடம் மாதிரியே இருக்கே!” என்றார்.

பெரியவர் சொன்னது சரிதான். ஓரிடத்தில் அழுத்தம் அளவுக்கு மீறினால் அங்கே தோலில் இரத்த ஓட்டம் குறையும், வியர்வை வராது. அழுத்தம் தொடர்ந்தால் முடியின் வேரிலுள்ள நிறம் செத்துப்போய், பிறகு முளைப்பது வெள்ளையாக முளைக்கும். ஆகவே வெள்ளை முடி பழைய காயத்தின் தழும்பு, வேறு யாரோ வேறு ஏதோ சேணத்தால் முன்பு கொடுத்தது. காய்ந்த திட்டு இன்றைய கதை. ஆனால் ஓர் எச்சரிக்கை: சேணம் படாமலே இருக்கும் இடமும் காய்ந்துதான் இருக்கும். எனவே வெறும் திட்டைப் பார்த்து முடிவு கட்டக்கூடாது. பெரியவர் செய்ததுபோல் விரலால் அழுத்திப் பார்க்கவேண்டும்.

தோளுக்கு இடம் விடுங்கள்

குதிரையின் முதுகு மனிதரைச் சுமப்பதற்காக அமைந்ததன்று. நமக்கு 12 இணை விலா எலும்புகள் என்றால் குதிரைக்குப் பெரும்பாலும் 18 இணை. அந்த விலாக்கூட்டின் மேலுள்ள தசையில்தான் சேணம் உட்காரவேண்டும். கடைசி விலாவுக்குப் பின்னால் தாங்குவதற்கு விலா இல்லை. அங்கே பாரம் போகக்கூடாது. நடுவில் ஓடும் முதுகெலும்பின் மேலும் பாரம் படக்கூடாது. முன்னால் தோள்பட்டை எலும்பு இருக்கிறது. குதிரைக்கு நம்மைப்போல் காறை எலும்பு கிடையாது. முன்கால்கள் உடலோடு தசைகளால் மட்டுமே பிணைக்கப்பட்டுள்ளன. முன்காலை நீட்டி வைக்கும் ஒவ்வொரு முறையும் தோள்பட்டையின் மேல்முனை பின்பக்கம் நகரும். சேணம் அதை அடைத்துக்கொண்டு நின்றால் ஒவ்வொரு அடியும் ஒரு முட்டல். முன்பக்கம், பின்பக்கம், நடுப்பக்கம் எல்லாம் போக மிஞ்சும் இடம் நாம் நினைப்பதைவிடச் சிறியது.

சேணம் வெறும் தோல் மெத்தை என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் உள்ளே மரத்தாலோ செயற்கை இழையாலோ ஆன ஓர் உட்சட்டம் இருக்கிறது. வீட்டுக்கு உத்தரம் மாதிரி. அதன் அகலமும் வளைவும்தான் சேணத்தின் உண்மையான அளவு. குறுகிய சட்டம் அகன்ற முதுகில் ஏறினால் தோளுக்குப் பின்னால் இடுக்கிபோல் கவ்வும். சேணத்தின் முன்பக்கம் தூக்கி நிற்க, சவாரி செய்பவர் பின்னால் சரிவார். அகன்ற சட்டம் ஒடுங்கிய முதுகில் ஏறினால் முன்பக்கம் அமுங்கி, கழுத்து முடியும் இடத்திலுள்ள தோள்மேட்டின் மேல் இடிக்கும்.

நம் நாட்டுச் சவாரிப் பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற தோரோபிரெட் குதிரைகள் நிறைய உண்டு. ஓடிய காலத்தில் அவை ஒடுங்கிய உடம்பும் எடுப்பான தோள்மேடும் கொண்டவை. பந்தயம் விட்டு, தீனி மாறி, வேலை மாறியதும் சில மாதங்களில் முதுகின் வடிவமே மாறிவிடும். போன ஆண்டு பொருந்திய சேணம் இந்த ஆண்டு பொருந்தாமல் போவது இதனால்தான். என் மருமகளின் குதிரையும் அப்படி ஓய்வுபெற்றதுதான். சேணமோ ஒடுங்கிய சட்டம் கொண்டது. கவ்விப் பிடித்த இடம்தான் காய்ந்து கிடந்த அந்தத் திட்டு.

கையும் கண்ணும் போதும்

சேணம் பார்க்கும்போது கீழே எதையும் விரிக்காதீர்கள். குதிரை சமதரையில் நான்கு காலையும் நேராக ஊன்றி நிற்கட்டும். சேணத்தைத் தோள்மேட்டின் மேல் சற்று முன்னால் வைத்து, மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஓரிடத்தில் தானாக நிற்கும். அதுதான் அதன் இடம். முன்னால் வைத்தால் பிள்ளைக்கு வசதி என்று தள்ளிவைக்க வேண்டாம். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடியுங்கள். சட்டம் அதற்கு இரண்டு விரல் பின்னால் இருக்கவேண்டும். பிறகு வயிற்றுப் பக்கமிருந்து கடைசி விலாவைத் தேடி, அதன் போக்கில் விரலை மேலே கொண்டுபோங்கள். சேணத்தின் பின்மெத்தை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால், எவ்வளவு அழகான சேணமாக இருந்தாலும் அந்தக் குதிரைக்கு அது நீளம்.

தோள்மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். இதை ஆள் ஏறாதபோது பார்த்துவிட்டுத் திருப்தியடைந்து விடுகிறார்கள். ஆள் ஏறியபின்பும் பார்க்கவேண்டும், அப்போதும் வெளிச்சம் தெரியவேண்டும். பின்னால் நின்று சேணத்தின் நடுப்பள்ளம் வழியாகப் பாருங்கள். முதுகெலும்பின் மேல் எங்கும் தொடாமல் முன்பக்கம் வரை பார்வை ஓடவேண்டும். அந்தப் பள்ளம் மூன்று நான்கு விரல் அகலம் இருப்பது நல்லது.

பலர் கோட்டை விடுவது அடுத்ததில். அடிமெத்தைக்கும் முதுகுக்கும் இடையில் கையைத் தட்டையாக நுழைத்து முன்னாலிருந்து பின்னால் ஓட்டுங்கள். முழுக்க ஒரே மாதிரி அழுத்தம் தெரியவேண்டும். முன்னாலும் பின்னாலும் இறுக்கம், நடுவில் கை தாராளமாகப் போகிறது என்றால் சேணம் பாலம்போல் நிற்கிறது. பாரம் முழுவதும் நான்கு மூலையில் இறங்கும். நடுவில் மட்டும் பட்டு முன்னும் பின்னும் ஊஞ்சலாடினால் அதுவும் வேண்டாம். கடைசியாக, பக்கவாட்டில் தள்ளி நின்று இருக்கையைப் பாருங்கள். மிகத் தாழ்ந்த இடம் நடுவில் இருக்கவேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகே நம்முடைய முறை. உட்கார்ந்தபின் பின்னால் ஒரு கை அகலம் மிஞ்சினால் போதும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 17 அல்லது 17.5 அங்குல இருக்கை, பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறியது.

சட்டத்தின் அகலத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள ஒரு மலிவான வழி இருக்கிறது. ஓவியப் பொருள் கடைகளில் வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் ரப்பர் அளவுகோல் கிடைக்கும். அதைத் தோள்பட்டைக்கு இரண்டு விரல் பின்னால் முதுகின் குறுக்கே அழுத்தி, அப்படியே எடுத்துக் காகிதத்தில் கோடு வரைந்துகொள்ளுங்கள். ஒரு சாண் பின்னால் இன்னொன்று. தேதி எழுதிவையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்தால் முதுகு மாறுவது கண்ணுக்கே தெரியும். விற்பவரிடம் “எங்கள் குதிரை நடுத்தரம்” என்று சொல்வதைவிட இந்தக் காகிதம் எவ்வளவோ மேல். ஒரு நிறுவனத்தின் ‘மீடியம்’ இன்னொரு நிறுவனத்தின் ‘மீடியம்’ ஆவதில்லை, சட்டை மாதிரிதான். முன்பக்கத் தகட்டை மட்டும் கழற்றி மாற்றி அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் செயற்கைச் சேணங்களும் வந்துவிட்டன. ஆஸ்திரேலியாவின் வின்டெக் அவற்றில் பேர்போனது. முதுகு மாறிக்கொண்டிருக்கும் குதிரைக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் அகலம் மாறினாலும் சட்டத்தின் நீளவாட்டு வளைவு மாறாது.

பொருந்தாத சேணத்தை வாங்கிவிட்டு, கீழே தடித்த விரிப்புகளாக அடுக்குவது நம் ஊரில் சகஜம். பள்ளிக்கூடச் சப்பாத்து இறுக்குகிறது என்று அழும் பிள்ளைக்கு இன்னொரு காலுறை மாட்டிவிடுவது போன்ற வேலை இது. இறுக்கம் இன்னும் கூடும்.

160 கிலோமீட்டரில் மறைக்க முடியாது

2008ஆம் ஆண்டு உலக நெடுந்தூரக் குதிரையோட்டப் போட்டி நம் திரங்கானுவில் நடந்தது பலருக்கு நினைவிருக்காது. தூரம் 160 கிலோமீட்டர். இந்த வகைப் போட்டியில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதித்த பிறகே அடுத்த சுற்றுக்கு விடுவார். இதயத்துடிப்பு, நடை இவற்றோடு தோள்மேடு, முதுகு, வயிற்று வார் படும் இடம் ஆகியவற்றையும் தடவிப் பார்த்து அட்டையில் குறிப்பார்கள். எவ்வளவு வேகமான குதிரையானாலும் உடல்நிலை சரியில்லை என்று தீர்ப்பானால் வெளியேறத்தான் வேண்டும். சனிக்கிழமை ஒரு மணி நேரச் சவாரியில் தெரியாத பிழை, நம் வெயிலிலும் புழுக்கத்திலும் 160 கிலோமீட்டர் ஓடும்போது மறையாது.

பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும், சவாரியின்போது குதிரை வலியை வெளிப்படுத்தும் 24 அறிகுறிகளைத் தொகுத்திருக்கிறார்கள். காதை மடக்குவது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறந்தபடி இருப்பது, போகாமல் நின்றுவிடுவது எல்லாம் அதில் அடக்கம். எட்டு அல்லது அதற்கு மேல் தென்பட்டால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு மிகுதி என்கிறது அந்தப் பட்டியல். “திமிர்” என்று நாம் பெயர் வைத்தவற்றில் பாதி அங்கே இருக்கின்றன.

எல்லாப் பழியையும் சேணத்தின் மேல் போடவும் முடியாது. சேணம் எப்போதும் ஒரே பக்கம் சரிகிறது என்றால், பின்காலில் வெளியே தெரியாத நொண்டல் இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சேணத்தை மாற்றுவதற்கு முன் மருத்துவரை அழைக்கவேண்டிய இடம் இது. ஏறுபவரின் எடையும் முக்கியம். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பரவலான கணக்கு. 450 கிலோ குதிரைக்கு 90 கிலோ. குட்டையான மட்டக்குதிரையில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஏறிப் படம் எடுப்பதற்கு முன் இந்தக் கணக்கை ஒருதரம் போடலாம்.

பழைய சேணம் வாங்குபவர்கள் முன்முகட்டையும் பின்முகட்டையும் இரு கையால் பிடித்து, தொடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். கிறீச்சென்ற சத்தமோ தளர்ச்சியோ இருந்தால் சட்டம் உடைந்திருக்கலாம், விலை எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வார்கள் சேணத்தோடு சேரும் தையலை இழுத்துப் பாருங்கள். ஓட்டத்தில் அது அறுந்தால் எலும்பு முறியும். நம் ஈரக் காற்றில் தோல் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். அதற்காக நேரடி வெயிலில் போட்டால் வெடித்துவிடும். காற்றோட்டமான நிழலும் சேணச் சோப்பும்தான் வழி.

மலாயில் குதிரை ‘குடா’, சேணம் ‘பெலானா’. நம் பழந்தமிழிலும் சேணத்துக்குப் ‘பல்லணம்’ என்று ஒரு பெயர் உண்டு. சொற்கள் இவ்வளவு நெருக்கம்! ஆனால் குதிரையைப் பேணுவதில் நம் முன்னோருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொட்டி வாங்கியதாகவும், பராமரிக்கத் தெரியாததால் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சவில்லை என்றும் எழுதிவைத்தார். கொஞ்சம் மிகையாகவே இருக்கட்டும். ஆனால் யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் பழக்கம் இன்றும் நம்மை விட்டபாடில்லை. சவாரி வகுப்புக்கும் காலணிக்கும் தொப்பிக்கும் யோசிக்காமல் ரிங்கிட்டை எடுத்து வைப்பவர்கள், அனுபவமுள்ள ஒருவரை அழைத்துச் சேணத்தைச் சோதிக்கும் கட்டணத்துக்கு முகம் சுளிக்கிறார்கள்.

மச்சானும் முதலில் சுளித்தவர்தான். பிறகு ஒருவரை வரவழைத்தார். வந்தவர் அரை மணி நேரம் முதுகைத் தடவியும் கோடு வரைந்தும் பார்த்துவிட்டு, அந்தச் சட்டத்தை அகலப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டார். குதிரைக்குச் சில வாரம் ஓய்வு. சேணம், அளவெடுத்துப் பார்த்துவிட்டு வாங்கிய வேறொருவரின் ஒடுங்கிய குதிரைக்குப் போனது. நட்டம் சில நூறு ரிங்கிட். இப்போது மருமகள் பள்ளியின் சேணத்திலேயே ஏறுகிறாள். அவளுடைய பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி போட்ட வளைகோடுகள் மூன்று இருக்கின்றன. தாத்தா கூட வரும் நாளில், அவர் முதுகைப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் வயிற்று வாரையே இறுக்குகிறாள்.