பக்கவாத நோயாளியைப் பராமரிப்போரின் மனச்சுமை

பக்கவாத நோயாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கு ஏற்படும் இடையறாத கவலை, களைப்பு, குற்றவுணர்வு, தனிமை முதலியவை பராமரிப்போர் மனச்சுமை எனப்படுகின்றன. இது தனியொரு நோய் அன்று. எனினும் கவனியாது விட்டால் மனச்சோர்வு நோயாக முற்றக்கூடும்.

காரணங்கள்

முதுமை மறதி நோய் மெல்ல வளர்வது. பக்கவாதமோ பெரும்பாலும் சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடுகின்றது. காலையில் தானே குளித்து உடுத்தியவர், மாலையில் துணையின்றிப் புரண்டு படுக்கவும் இயலாதவராகலாம். எனவே பராமரிப்பவருக்கு ஆயத்தமாக அவகாசம் கிடைப்பதில்லை.

தூக்கி அமர்த்துதல், உணவூட்டுதல், படுக்கைப் புண் வராமல் புரட்டிவிடுதல் ஆகியன வெளியே தெரியும் உழைப்பு. அதனினும் கடினமானது நோயாளியின் இயல்பு மாறிப்போதல் ஆகும். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பலருக்குப் பேச்சிழப்பு உண்டாகும். கேட்பது தண்ணீரா தலையணையா என்று விளங்காத நிலையில் இருவருமே சினம் கொள்வர். சிலர் காரணமின்றி அழுவர் அல்லது சிரிப்பர். உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதைகள் சிதைவதால் இது நேர்கின்றது. துயரத்தின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. இதனை எவரும் எடுத்துச் சொல்லாவிடில், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே வீட்டார் எண்ணுவர்.

உயிருடன் இருப்பவரையே இழந்துவிட்டதாக உணரும் இத்தகைய நிலையை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் "தெளிவற்ற இழப்பு" என்று அழைத்தார். இறப்பு நேர்ந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க உறவினர் வருவர். இவ்விழப்புக்கு அத்தகைய சடங்கு எதுவும் இல்லை.

அளவிடுதல்

1983 இல் பெட்சி ராபின்சன் வெளியிட்ட பராமரிப்போர் நெருக்கடிச் சுட்டெண், ஆம் அல்லது இல்லை என விடையளிக்கத்தக்க 13 வினாக்களைக் கொண்டது. ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட "ஆம்" விடைகள் மிகுந்த நெருக்கடியைக் குறிக்கும். நோயாளியின் கட்டிலருகே நின்று கேட்டால் பெரும்பாலோர் "இல்லை" என்றே கூறுவர். ஆதலால் தனியே அழைத்துக் கேட்பதே பொருத்தமானது.

பயிற்சியும் அதன் எல்லையும்

2004 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் (300 நோயாளிகள்), செய்முறைப் பயிற்சி பெற்ற குடும்பத்தினரின் சுமை குறைந்தது. ஆனால் 36 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2013 இல் வெளியான ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் நடந்த அட்டெண்ட் ஆய்வின் முடிவுகள் 2017 இல் வெளியாயின. குடும்பத்தினரே வீட்டில் அளித்த மறுவாழ்வுப் பயிற்சி, ஆறு மாத முடிவில் நோயாளிகளின் இறப்பையோ பிறரைச் சார்ந்திருத்தலையோ குறைக்கவில்லை. பயிற்சியே வீண் என்பது இதன் பொருளன்று. பயிற்சி பெற்ற பணியாளர் செய்ய வேண்டியதை வீட்டார் தலையில் மட்டும் ஏற்ற முடியாது என்றே இதனைக் கொள்ளலாம்.

வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் பொறுப்பேற்றுக்கொண்டு, பராமரிப்பவரை உறங்கவோ வெளியே செல்லவோ விடுதல் இன்றியமையாதது. இந்தியாவில் உள்ளோர், 2022 இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.