மலை சரியுமுன் செலவழிக்கும் ரூபாய்

2020 ஆகஸ்ட் 6 அன்று, கேரளத்தின் இடுக்கி மாவட்டம் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் 24 மணி நேரத்தில் 616 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ஒரு சென்ட் நிலத்தின் மேல் மட்டும் ஏறக்குறைய 25,000 லிட்டர். இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர். இரவு பத்தே முக்கால் மணியளவில், மேலே காட்டுச் சரிவில் பெயர்ந்த மண்ணும் பாறையும் ஓடை வழியாக இறங்கி, தேயிலைத் தொழிலாளர்களின் நான்கு லயங்களை (வரிசை வீடுகளை) மூடின. 70 பேர் மாண்டனர். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய தமிழ்க் குடும்பத்தினர்.

எத்தனையோ மழைக்காலங்களைத் தாங்கிய சரிவு அன்று ஏன் பெயர்ந்தது? சரிவான இடத்தில் மண் நிற்பதற்குக் காரணம், ஒரு துகள் மற்றொன்றின் மேல் அழுந்துவதால் உண்டாகும் உராய்வு. பெருமழையில் துகள்களின் இடைவெளிகளைத் தண்ணீர் நிரப்புகிறது. அடியில் கெட்டிப் பாறை இருந்தால் அந்தத் தண்ணீர் கீழே இறங்கவும் முடியாது. தேங்கும் நீரின் அழுத்தம் ஏற ஏற, மண்ணின் பாரத்தில் ஒரு பகுதியை நீரே சுமக்கத் தொடங்குகிறது. துகள்கள் ஒன்றையொன்று அழுத்துவது குறைகிறது. மண் கனத்துக்கொண்டே போகிறது. அதன் பிடிப்போ தளர்ந்துகொண்டே போகிறது. 1920களில் இந்தக் கணக்கை வகுத்தவர் மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி.

இந்த நீர் எல்லா இடத்திலும் ஒரே அளவில் சேர்வதில்லை. இரு மேடுகளுக்கு நடுவே ஓடை பிறக்கும் குழிவான சரிவுகளில்தான் அதிகம் கூடும். நிலச்சரிவுகள் பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பி, ஓடையின் தடத்திலேயே இறங்குகின்றன. எந்த நாளில் சரியும் என்று சொல்வது கடினம். எங்கே சரியக்கூடும் என்பதை நில வரைபடத்தில் முன்கூட்டியே குறிக்கலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அத்தகைய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது.

எந்த நாளில் சரியும் என்பதைக்கூட ஓரளவு கணிக்க முடியும். 2005இல் மண் சரிந்த மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் தரைக்குள் கருவிகளைப் புதைத்திருக்கிறது. மண்ணின் ஈரம், நீரழுத்தம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அவை அளந்து அனுப்புகின்றன. அவற்றைக் கொண்டு 2009 முதல் எச்சரிக்கைகள் தரப்பட்டுள்ளன.

அறிவு இருக்கிறது, பணம் எந்தப் பக்கம் போகிறது? பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் வந்தபோதே, நிவாரண நிதியோடு, ஆபத்தை முன்கூட்டியே குறைப்பதற்கான தணிப்பு நிதியும் வேண்டும் என்றது. தேசிய அளவில் தணிப்பு நிதி அமைந்தது 2021 பிப்ரவரியில், பெட்டிமுடி புதைந்து ஆறு மாதம் கழித்து. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை மாநிலங்களுக்கு ஒதுக்கிய 1,60,153 கோடி ரூபாயில் 80 விழுக்காடு மீட்பு, நிவாரணம், மறுகட்டுமானம் முதலியவற்றுக்கு. 20 விழுக்காடு தணிப்புக்கு. 2024 நவம்பரில் நிலச்சரிவு அபாயத்தைக் குறைக்க 15 மாநிலங்களுக்கு மத்திய அரசு ஒப்புக்கொண்ட 1,000 கோடியில் கேரளத்தின் பங்கு 72 கோடி. முன்கூட்டிச் செலவழிப்பதன் பலன் என்ன? அமெரிக்காவில் தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் போட்ட கணக்கின்படி, அங்கே கூட்டாட்சி அரசு தணிப்பு மானியமாகக் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் சராசரியாக ஆறு டாலர் இழப்பைத் தவிர்க்கிறது.

தணிப்பு என்றாலே கோடிகளில் கட்டும் தடுப்புச்சுவர் என்று நினைக்க வேண்டியதில்லை. பெட்டிமுடியில் அன்று மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் இயங்கவில்லை. வெளியுலகுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது மறுநாள் காலையில்தான். கோபுரத்துக்கு ஒரு ஜெனரேட்டர், எஸ்டேட்டுக்கு ஒரு மழைமானி, இத்தனை மில்லிமீட்டர் தாண்டினால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற ஒரு விதி, இரவில் போய்த் தங்கப் பாதுகாப்பான ஒரு கட்டடம்: இவையெல்லாம் தணிப்புதான்.

தேயிலைத் தோட்டங்களில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. லயம் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. ஓடைக்கரை ஆபத்து என்று தெரிந்தாலும் வேறிடம் போக அவருக்கு நிலம் கிடையாது. பெட்டிமுடியில் உயிர் பிழைத்த எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியார் பள்ளத்தாக்கில் அரசு நிலம் தந்தது, தோட்டக் கம்பெனி வீடு கட்டியது. அரசும் நிறுவனமும் சேர்ந்தால் பாதுகாப்பான இடத்தில் வீடு தர முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அதற்குமுன் 70 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

பெட்டிமுடி மட்டுமல்ல: 2018இல் பாலக்காடு மாவட்டம் நெம்மாறை அருகே மலை சரிந்தது, 2024இல் வயநாட்டில். உங்கள் ஊரும் மலையடிவாரமானால், அடுத்த கிராம சபையில் பஞ்சாயத்தின் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீடுகளுக்கு மேலே உள்ள ஓடைக் குழிவுகள் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, அவற்றுக்கென இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். மழை தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.