அம்மணி, நகை யார் பேருல இருக்குதுங்க?

கோவை மாவட்டம் கிணத்துக்கடவுப் பக்கம் கல்யாணப் பேச்சில் பவுன் கணக்கு முன்னால் வரும். அதே கல்யாணம் கோர்ட்டுக்குப் போகிற நிலை வந்தால் அந்தக் கணக்கை யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. விவாகரத்து மனு, வாய்தா, ஆறு மாத அவகாசம் எல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். அதற்கு முன்பே வீட்டில் தேடி எடுக்க வேண்டியது நகை.

இந்த ஊர்களில் மருமகளின் நகை பீரோவில் தங்குவதே குறைவு. போர் ஓட்டியும் தண்ணீர் வராதபோதும், தக்காளி விலை விழுந்து போட்ட முதல் வராதபோதும் ஆரமும் வளையலும் பேங்குக்குப் போய்விடும். அடமானச் சீட்டில் புருஷன் பேரோ மாமனார் பேரோ இருக்கும். வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைப்பார்கள். பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு பெண்ணிடம், நகை எங்கே என்று கேட்டேன். "எந்த பேங்குன்னே தெரியலீங்க. கேட்டா என்னையே சந்தேகப்படறயான்னு சண்டைங்க" என்றார். முப்பத்தைந்து பவுன்!

சீதனம் முழுக்க மனைவிக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. கேரளத்துப் பெண் ஒருவரின் வழக்கு இன்னும் நெருக்கமானது. 2003-ல் கல்யாணம். பத்திரமாக இருக்கட்டும் என்று முதல் ராத்திரியே வாங்கிக்கொண்ட 89 பவுன், கணவர் வீட்டுப் பழைய கடனுக்குப் போய்விட்டது. கஷ்ட காலத்தில் கணவர் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று சொல்லி, 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். தீர்ப்பு வந்தது 2024-ல்.

இருபத்தோரு வருஷம் இழுக்காமல் இருக்க, கையில் ஆதாரம் வேண்டும். நகைக்கடையில் பில் போடாமல் வெறும் எஸ்டிமேட் சீட்டோடு வந்தவர்கள் இங்கே ஏராளம். அந்தச் சீட்டையாவது தேடுங்கள். முகூர்த்த ஆல்பத்தில் கழுத்தும் கையும் தெளிவாகத் தெரியும் படங்களை எடுத்து வையுங்கள். அடமானச் சீட்டு கண்ணில் பட்டால் அன்றைக்கே செல்போனில் படம் பிடியுங்கள். ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. உங்கள் ஆரத்தை வைத்து வாங்கிய பணம் அதில் 'கணவரின் கடன்' என்று மட்டும் வந்து நிற்கக்கூடும் என்பதுதான் என் பெரிய கவலை. இல்லாத நகையைக் கேட்கிறார்கள் என்று ஆண்கள் தரப்பில் ஒரு குறை உண்டு. இதே சீட்டுகள் அவர்களுக்கும் உதவும்.

செலவுக்குப் பயந்து நிற்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழைக்கலாம். அம்மா வீட்டில் இருந்தால் அந்த எல்லைக்குரிய கோர்ட்டிலேயே மனு போடலாம். குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் உங்கள் பையில் இருக்கட்டும்.

அப்பா, அண்ணன், தாய்மாமன் மூவரையும் முன்கூட்டியே உட்கார வைத்துப் பேசுங்கள். 'கோர்ட் எதுக்குங்க, பத்திரத்துல எழுதித் தீர்த்துக்கலாம்' என்று பெரிய மனுஷர்கள் வருவார்கள். அதை நம்பி, கோர்ட் விவாகரத்து இல்லாமல் மறுகல்யாணம் செய்தால் பின்னால் வழக்கு வரலாம். அந்தப் பத்திரத்தின் கடைசியில் 'இனி இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை' என்று ஒரு வரி இருக்கும். நகையை எடை போட்டுக் கையில் வாங்கும்வரை அந்த வரிக்குக் கீழே பெண்ணைக் கையெழுத்துப் போட விடக் கூடாதென்று தாய்மாமனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.